மோடத்துக்குள் ஓர் எண்: 1492

வீட்டு இணைய மோடத்துக்குள் எட்டிப் பார்ப்பது எளிது. பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்தால் ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். சில மாடல்களில் அது 192.168.0.1. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் மோடத்தின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். வைஃபை பாஸ்வேர்டை மாற்றியதும் நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தை மூடிவிடுவோம். இன்னும் கொஞ்சம் துழாவி, வெளியுலக இணைப்பைப் பற்றிய ‘வான்’ பகுதிக்குப் போனால், அங்கே எம்டியு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஓர் எண். பெரும்பாலும் 1492. சில வீடுகளில் 1500. சில ரௌட்டர்கள் 1480 என்று போட்டு, ‘தேவையில்லாமல் மாற்ற வேண்டாம்’ என்று பக்கத்திலேயே எச்சரித்தும் வைத்திருக்கும்.

கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடந்த ஆண்டும் 1492தான். அதற்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ஆனால் இந்த எண் 1491ஆகவோ 1493ஆகவோ இல்லாமல் ஏன் 1492ஆக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், இணையத்தின் அரை நூற்றாண்டுக் கதையில் பாதி வெளியே வந்துவிடும்.

எம்டியு என்றால் ‘மேக்ஸிமம் டிரான்ஸ்மிஷன் யூனிட்’. ஒரு கம்பியிலோ கண்ணாடி இழையிலோ ஒரே வீச்சில் அனுப்பக்கூடிய ஆகப் பெரிய தரவுப் பொட்டலம் எத்தனை பைட் என்பதைச் சொல்லும் எண் அது. நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் பாக்கெட் என்று சொல்வதைத்தான் இங்கே பொட்டலம் என்கிறேன்.

இணையத்தில் எதுவுமே முழுதாகப் போவதில்லை. செல்போனில் எடுத்த 4 மெகாபைட் புகைப்படம் ஒன்றை அக்காவுக்கு அனுப்பினால், அது சுமார் 2,740 துண்டுகளாக வெட்டுப்படுகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் எல்லாம் எழுதப்பட்டுத் தனித்தனியே கிளம்புகிறது. முன்பின்னாக வந்து சேர்ந்தால் எதிர்முனை அடுக்கிக்கொள்ளும். ஒன்று வழியில் தொலைந்தால் அதை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் ஒருவரையொருவர் அறியாமலே இந்த யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். இருவருமே ஒரு துண்டுக்கு 1,024 பிட், அதாவது 128 பைட் என்று கணக்குப் போட்டிருந்தார்கள் என்பதுதான் விநோதம்.

இன்றைய பொட்டலத்தில் எவ்வளவு கொள்ளும்? தமிழை வைத்தே அளந்துவிடலாம். யூனிகோடின் வழக்கமான சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ‘தமிழ்’ என்று எழுத த, ம, இகரக் கொம்பு, ழ, மேற்புள்ளி என ஐந்து குறிகள். ஆகமொத்தம் 15 பைட். ஒரு பொட்டலத்தில் சரக்குக்கு மட்டும் கிடைக்கும் இடம் 1460 பைட். சுருக்காமல் அனுப்பினால் அதில் 486 குறிகள் கொள்ளும். ஏறக்குறைய ஐம்பது, அறுபது தமிழ்ச் சொற்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தி ஒரே பொட்டலத்தில் அடங்கிவிடும்.

1460 ஏன் என்பதற்கு முன், அதற்குத் தாயான 1500 ஏன் என்று பார்க்க வேண்டும். 1973ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். கட்டடம் முழுக்க ஒரே ஒரு தடித்த கேபிள் ஓடும். எல்லாக் கணினிகளும் அதிலேயே தொற்றிக்கொண்டிருக்கும். ஒரு கணினி பேசும்போது மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதை 1980ல் டிஇசி, இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து, நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள பொதுத் தரநிலையாக்கின. அப்போதுதான் ஒருவர் ஒரே மூச்சில் எவ்வளவு பேசலாம் என்ற கேள்விக்குத் திட்டவட்டமான விடை தேவைப்பட்டது.

பொட்டலம் சிறியதாக இருந்தால், சரக்கைவிட முகவரிச் சீட்டே அதிகமாகிவிடும். பெரியதாக இருந்தால், ஒருவர் முடிக்கும்வரை மற்ற எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டும்; நடுவில் ஒரு பிட் கெட்டாலும் முழுப் பொட்டலத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் மேலே காசு. வந்த பொட்டலத்தை முழுதாக ஏந்திக்கொள்ள ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் நினைவகம் வேண்டும், அந்தக் காலத்தில் நினைவகம் யானை விலை. இந்த இழுபறிகளுக்கு நடுவே தீர்ந்த பேரம்தான் 1500 பைட். முன்னால் 14 பைட் தலைப்பு, பின்னால் பிழை கண்டுபிடிக்க 4 பைட், மொத்தம் 1518. 10 மெகாபிட் கேபிளில் அது கடந்துபோக 1.2 மில்லி நொடி பிடித்தது. அதிகபட்சம் அவ்வளவு நேரம்தான் ஒருவர் கேபிளைப் பிடித்துவைத்திருக்கலாம் என்று பொருள்.

இன்று வீட்டுக்கு வரும் 1 கிகாபிட் இணைப்பில் அதே பொட்டலம் 12 மைக்ரோ நொடியில் கடந்துவிடுகிறது. வேகம் நூறு மடங்காகிவிட்டது. யாரும் யாருக்காகவும் கேபிளில் காத்திருப்பதில்லை. நினைவகம் கொள்ளை மலிவு. 1500 மட்டும் அசையவில்லை. அதற்குக் காரணம், அந்த எண் ஈதர்நெட்டின் எலும்புக்குள் இறங்கிவிட்டதுதான். ஈதர்நெட் தலைப்பில் 2 பைட் அகலமான ஒரு கட்டம் உண்டு. அதில் 1500 அல்லது அதற்குக் குறைந்த எண் இருந்தால், அது சரக்கின் நீளம். 1536 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது நீளமே அல்ல. உள்ளே இருப்பது எந்த வகைச் சரக்கு என்ற குறியீடு. ஒரே கட்டத்தில் இரண்டு அர்த்தம்! எது எந்த அர்த்தம் என்பதைத் தீர்மானிக்கும் எல்லைக்கல்லாக 1500 நின்றுகொண்டிருக்கும்போது அதைப் பெயர்ப்பது யார்? தரவு மையங்களுக்குள் 9000 பைட் ராட்சதப் பொட்டலங்கள் ஓடுவது உண்மைதான். அவை அந்தச் சுவருக்குள்ளேயே ஓடிக்கொள்கின்றன. வாசலைத் தாண்டினால் 1500.

இந்த 1500க்குள் இன்னும் இரண்டு உறைகள் இருக்கின்றன. எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஐபி தலைப்புக்கு 20 பைட், வரிசை எண்ணையும் ரசீதையும் கவனிக்கும் டிசிபி தலைப்புக்கு 20 பைட். போக மிச்சம் 1460. வெளியே ஈதர்நெட்டின் 18 பைட் போக, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னால் ‘வருகிறேன்’ என்று அறிவிக்க 8 பைட், பின்னால் மூச்சுவிட 12 பைட் நேரம். ஆக 1460 பைட் சரக்கை நகர்த்த, கேபிளில் 1538 பைட் இடம் செலவாகிறது. வகுத்துப் பாருங்கள்: 94.9 சதவீதம். பழைய மோடம்களில் லேன் போர்ட்டின் உச்சவரம்பு 100 மெகாபிட்தான். அதில் கேபிள் செருகி வேகம் பார்த்தால் எப்போதும் 94ஐ ஒட்டியே காட்டுவது இதனால்தான். நிறுவனம் ஆறு மெகாபிட்டைச் சுருட்டிக்கொண்டது என்று சந்தேகப்பட்டவர்கள், பாவம், அவர்களை மன்னித்துவிடலாம்.

சரி, 1500 எப்படி 1492 ஆனது? நடுவில் எட்டு பைட்டை எடுத்துக்கொண்டது யார்?

அது டயல்-அப் காலத்துக் கடன். தொலைபேசி வழியே மோடம் கீச்சிட்டுக்கொண்டு இணையத்துடன் இணைந்த நாட்களில், பிபிபி என்ற நெறிமுறைதான் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்த்து, ஐபி முகவரி ஒதுக்கி, வாடிக்கையாளர் எப்போது வந்தார், எப்போது போனார் என்று கணக்கு வைத்தது. பில் போடும் ஏற்பாடு முழுவதும் அதைச் சுற்றியே கட்டப்பட்டிருந்தது. பிறகு பிராட்பேண்ட் வந்தது. மோடத்துக்கும் கணினிக்கும் நடுவில் ஈதர்நெட் வந்தது. ஈதர்நெட்டுக்கு பாஸ்வேர்டும் தெரியாது, பில்லும் தெரியாது. புதிதாக எல்லாவற்றையும் கட்டுவதற்குப் பதில், பழைய பிபிபியை அப்படியே ஈதர்நெட்டின் முதுகில் ஏற்றிவிட்டார்கள். அதுதான் பிபிபிஓஇ. ஆர்எஃப்சி 2516 என்ற எண்ணுள்ள விதிமுறை ஆவணமாக 1999 பிப்ரவரியில் வெளியானது. உங்கள் மோடத்தில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணைப்பை எழுப்ப வேண்டியிருந்தால், நீங்களும் பிபிபிஓஇ வாடிக்கையாளர்தான். செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்த பிறகும் பிஎஸ்என்எல் உள்ளிட்ட நிறுவனங்கள் இதே முறையை வைத்திருக்கின்றன.

மோடத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் அது செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, கம்பியில் கூவுவது: ‘சேவை தர யாராவது இருக்கிறீர்களா?’ எதிர்முனைக் கருவி ‘நான் இருக்கிறேன்’ என்கிறது. ‘சரி, உங்களோடு பேசுகிறேன்’ என்கிறது மோடம். ‘இந்தா, உன் டோக்கன் எண்’ என்று பதில் வருகிறது. நான்கே செய்திகள். அதற்குப் பிறகு அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்திலும் அந்த எண்ணைக் காட்டியாக வேண்டும். எட்டு பைட் எங்கே போகிறது என்று இப்போது எண்ணிவிடலாம். பதிப்பும் வகையும் சேர்ந்து 1 பைட், செய்தியின் குறியீடு 1, அந்த டோக்கன் எண்ணுக்கு 2, நீளத்துக்கு 2, உள்ளே இருப்பது எந்த நெறிமுறை என்று சொல்ல பிபிபிக்கு 2. முன்பு சொன்ன அந்த இரட்டை அர்த்தக் கட்டத்தில் 34,916 என்ற குறியீடு இருந்தால், உள்ளே இருப்பது பிபிபிஓஇ பொட்டலம் என்று அர்த்தம். 1500ல் எட்டு போனால் 1492. ‘தமிழ்’ என்ற சொல்லில் பாதி இடம்தான் அது. இழப்பு அரை சதவீதம். அக்காவுக்கு அனுப்பிய படத்துக்குக் கூடுதலாக ஒரு பதினைந்து பொட்டலம் ஆகும், அவ்வளவே.

தொலைபேசிக் கம்பி வழியே வந்த ஏடிஎஸ்எல் பிராட்பேண்டில் இதைவிடப் பெரிய விரயம் நடந்தது, அது மோடம் பக்கத்தில் தெரியவே தெரியாது. அந்தக் கம்பிக்குள் எல்லாமே 53 பைட் அறைகளாகத்தான் போகும். 5 பைட் தலைப்பு, 48 பைட் சரக்கு. 48 எங்கிருந்து வந்தது? தரநிலைக் குழுவில் அமெரிக்கத் தரப்பு 64 கேட்டது, ஐரோப்பியத் தரப்பு 32 கேட்டது. கூட்டி இரண்டால் வகுத்தார்கள். நம் 1492 பைட் பொட்டலம் வழக்கமான உறைகளையும் சேர்த்து 1532 பைட் ஆகி, 32 அறைகளை நிரப்பும். கடைசி அறையில் 4 பைட் காலி. கம்பியில் போவதோ 1696 பைட். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு உறைக்கே போய்விடும்.

அரை சதவீத இழப்புக்கா இத்தனை பேச்சு என்று தோன்றலாம். சிக்கல் இழப்பில் இல்லை. ரயில்வே கீழ்ப்பாலங்களுக்கு முன்னால் மஞ்சள், கறுப்புப் பட்டை அடித்த உயரக் கம்பி ஒன்று குறுக்கே நிற்குமே, அது பத்து செ.மீ. தாழ்ந்திருந்தால் லாரிக்குப் பத்து சதவீதச் சரக்கு குறையும் என்பதில்லை, லாரியே போகாது. எம்டியுவும் அப்படித்தான். 1500 பைட் பொட்டலம் 1492 அளவுள்ள பாதையில் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு போய்விடாது.

அப்படியொரு பொட்டலம் வந்துவிட்டால் என்ன செய்வது? இணைய நெறிமுறையை 1981ல் வகுத்தவர்கள் இதற்கு வழி வைத்தார்கள். வழியிலுள்ள ரௌட்டர் அதை இன்னும் சிறு துண்டுகளாக்கி அனுப்பலாம். கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1500ல் 20 பைட் ஐபி தலைப்பு, 1480 பைட் சரக்கு. முதல் துண்டு 20 பைட் தலைப்பும் 1472 பைட் சரக்குமாக 1492. மிச்சம் எட்டே எட்டு பைட். அந்த எட்டு பைட்டுக்காக இன்னொரு 20 பைட் தலைப்பு எழுதி, 28 பைட் குட்டிப் பொட்டலம் ஒன்று தனியாக உலகைச் சுற்றக் கிளம்புகிறது! ஒவ்வொரு முழுப் பொட்டலத்துக்கும் ஒரு குட்டி. இரண்டில் எது தொலைந்தாலும் இரண்டும் வீண். 1987ல் கிறிஸ்டோபர் கென்ட், ஜெஃப்ரி மோகுல் என்ற இருவர் துண்டாக்குவது கெடுதல் என்று தலைப்பிலேயே சொல்லி ஓர் ஆய்வுரை எழுதினார்கள். அதிலிருந்து மனம் மாறத் தொடங்கியது.

ஐபி தலைப்பில் ‘என்னைத் துண்டாக்காதே’ என்று சொல்லும் ஒற்றை பிட் ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அந்தக் கொடியை ஏற்றிய பொட்டலம் பெரிதாக இருந்தால் ரௌட்டர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு சிறு முறையீட்டுச் செய்தி அனுப்பும். 1990ல் மோகுலும் ஸ்டீவ் டீரிங்கும் இதை வைத்து ஒரு தந்திரம் செய்தார்கள். எல்லாப் பொட்டலத்திலும் கொடியை ஏற்றி அனுப்பு. முறையீடு வந்தால் அளவைக் குறை. வராவிட்டால், பாதை முழுக்க அந்த அளவு கொள்ளும் என்று வைத்துக்கொள். பாதையின் வரைபடம் யாரிடமும் இல்லாமலே, மிகத் தாழ்ந்த கம்பி எவ்வளவு உயரம் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் பழைய முறையீட்டுச் செய்தி ‘பெரிதாக இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு கொள்ளும் என்று சொல்லாது. அந்தச் செய்தியின் வடிவத்தில் ‘பயன்படுத்தப்படாதது’ என்று காலியாக ஒரு கட்டம் கிடந்தது. அதில் பாதியை எடுத்து, கொள்ளும் அளவை எழுதும் இடமாக ஆக்கிவிட்டார்கள். பழைய ரௌட்டர்கள் அங்கே சுழியம் அனுப்பும். அதைக் கண்டால் ஊகிக்க வேண்டியதுதான். ஊகிக்கவும் ஓர் அட்டவணை தந்தார்கள்: 65535, 32000, 17914, 8166, 4352, 2002, 1492, 1006, 508, 296, 68. பெரும்பாலும் அன்றைக்கு உலகில் இருந்த நெட்வொர்க் வகைகளின் அளவுகளை ஒட்டியவை இவை. பிபிபிஓஇ பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பட்டியலில் 1492 இருப்பது தற்செயல். ஈதர்நெட்டின் வேறொரு வடிவத்திலும் தலைப்புக்கு எட்டு பைட் கூடுதலாகப் போனது. பாதை பிற்பாடு அகலப்படலாம் என்பதால் பத்து நிமிடம் கழித்துப் பெரிய பொட்டலத்தை மறுபடி முயன்று பார்க்கவும் சொன்னார்கள். உலகத்துச் சர்வர்கள் இன்றும் இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

முறையீட்டுச் செய்தி வந்து சேரும்வரை எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். வராவிட்டால்?

பாதுகாப்பு என்ற பெயரில் பல இடங்களில் ஃபயர்வால்கள் இந்த வகைச் செய்திகளை மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. அப்போது சர்வர் 1500 பைட் பொட்டலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுவிலுள்ள ரௌட்டர் அதை எறிந்துகொண்டே இருக்கும். ‘எறிந்துவிட்டேன்’ என்ற சேதி ஃபயர்வாலில் முட்டிச் செத்துவிடும். நெட்வொர்க் உலகில் இதற்குக் கருந்துளை என்று பெயர். வீட்டில் இது எப்படித் தெரியும்? எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் பிங் கட்டளையைக் கொடுத்தால் பதில் வரும். இணைப்பு பச்சை விளக்கு காட்டும். கூகுளில் தேடலாம். ஆனால் ஏதோ ஒரு வங்கியின் பக்கமோ அரசுப் பக்கமோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்காது. மெயில் போகும், கோப்பு இணைத்தால் போகாது. அறிமுகக் கைகுலுக்கலுக்கான பொட்டலங்கள் எல்லாம் சின்னவை, அவை கம்பிக்கு அடியில் சுலபமாக நுழைந்துவிடும். சரக்கு நிறைந்த முதல் பெரிய பொட்டலம்தான் மாட்டும். மோடத்தில் 1492 இருக்க வேண்டிய இடத்தில் யாராவது 1500 என்று போட்டுவைத்தாலும், நடுவிலுள்ள கருவி பெரிய பொட்டலத்தை ஓசைப்படாமல் விழுங்கிவிட்டால் இதே கதைதான். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் எட்டு பைட் எட்டு பைட்தான்.

இத்தனை கருந்துளைகள் இருந்தும் நம் வீடுகளில் பெரும்பாலான பக்கங்கள் திறப்பதற்குக் காரணம், மோடம் நமக்குத் தெரியாமல் செய்யும் ஒரு திருட்டுத்தனம். டிசிபி இணைப்பு தொடங்கும்போது இரு தரப்பும் ‘எனக்கு ஒரு தடவைக்கு இவ்வளவுதான் கொள்ளும்’ என்று சொல்லிக்கொள்ளும். உங்கள் மடிக்கணினி வைஃபையை மட்டுமே பார்ப்பதால் வெள்ளந்தியாக 1460 என்று எழுதி அனுப்புகிறது. மோடம் அந்தப் பொட்டலத்தைப் போகிற போக்கில் பிரித்து, அந்த 2 பைட்டை மட்டும் அழித்து 1452 என்று எழுதி, பிழைகாணும் கூட்டுத்தொகையையும் அதற்கேற்பத் திருத்தி, ஒட்டி அனுப்பிவிடுகிறது. சர்வருக்கு எதுவும் தெரியாது. அது 1452க்கு மேல் அனுப்பாது. ஆகவே முறையீட்டுக்கே வேலையில்லை. அடுத்தவர் கடிதத்தில் கை வைப்பது இணையத்தின் தர்மப்படி குற்றம். இந்தக் குற்றம் இல்லையென்றால் பிபிபிஓஇ வீடுகளில் பாதிப் பக்கங்கள் திறக்காது. எனக்கு இதில் மோடத்தின் பக்கம்தான் அனுதாபம்.

உங்கள் வீட்டுப் பாதையின் உண்மையான அளவைக் கண்டுபிடிக்க எந்தச் செயலியும் வேண்டாம். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் கட்டளையோடு இரண்டு குறிப்புகள் சேர்த்தால் போதும். கோடு போட்டு எஃப் என்றால் துண்டாக்காதே கொடி ஏறும். கோடு போட்டு எல் என்று எழுதி ஓர் எண் கொடுத்தால், அத்தனை பைட் சரக்கு ஏறும். முகவரிக்கு 1.1.1.1 கொடுக்கலாம். பிங்குக்கு 8 பைட்டும் ஐபிக்கு 20 பைட்டும் தலைப்பு உண்டு. ஆக, 1472 என்று கொடுத்தால் போவது 1500. பிபிபிஓஇ வீட்டில் இது பெரும்பாலும் போகாது. துண்டாக்க வேண்டும், ஆனால் கொடி தடுக்கிறது என்று மோடமே பதில் சொல்லும். 1464 கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் 28ஐக் கூட்டுங்கள்: 1492. அதுவும் போகாவிட்டால், போகும்வரை எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்தப் பதிலும் இல்லாமல் நேரம் கடந்துவிட்டது என்று மட்டும் வந்தால், எங்கோ ஒரு கருந்துளை இருக்கலாம். முகவரியை மாற்றி இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிடைத்த எண்ணை எங்கே போடுவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல வீடுகளில் கேபிள்காரர் தந்த ஃபைபர் பெட்டி ஒன்று, கடையில் வாங்கிய ரௌட்டர் ஒன்று என இரண்டு இருக்கும். பிபிபிஓஇ பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எதில் எழுதியிருக்கிறதோ, அந்தப் பெட்டியில்தான் எம்டியுவை மாற்ற வேண்டும். மற்றதில் மாற்றிப் பயனில்லை. கணினியிலோ செல்போனிலோ கை வைக்கவே வேண்டாம்.

இந்த எண்ணை வேகம் கூட்டும் மந்திரமாகச் சொல்பவர்கள் உண்டு. டயல்-அப் நாட்களில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. 28.8 கிலோபிட் மோடத்தில் 1500 பைட் பொட்டலம் ஒன்று போக 0.4 நொடிக்கு மேல் ஆகும். அதற்குப் பின்னால் மாட்டிய சிறு பொட்டலம் தவித்துப் போகும். 576 ஆகக் குறைத்தால் அந்தக் காத்திருப்பு 0.16 நொடியாகிவிடும். இன்றைய 100 மெகாபிட் இணைப்பில் 1500 பைட் போக ஆகும் நேரம் 0.12 மில்லி நொடி. அதைக் குறைத்து ஆன்லைன் கேமில் ஜெயிக்க யாராலும் முடியாது. அளவைக் குறைத்தால் பொட்டலங்கள்தான் கூடும், மோடத்தின் சிறிய பிராசஸருக்குத்தான் வேலை கூடும். மேலும், ஐபியின் புதிய தலைமுறையான ஐபிவி6, எந்தப் பாதையிலும் குறைந்தது 1280 பைட் கொள்ள வேண்டும் என்று கறாராகச் சொல்கிறது. வழியில் ரௌட்டர்கள் துண்டாக்கவும் அதில் அனுமதியில்லை. 1280க்குக் கீழே இறக்கினால் உங்கள் இணைப்பில் ஐபிவி6 படுத்துவிடும்.

வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கணக்கு. விபிஎன் என்பது பொட்டலத்தின் மேல் இன்னோர் உறை. வயர்கார்டு என்ற விபிஎன் ஐபிவி4 வழியே போனால் 60 பைட்டையும், ஐபிவி6 வழியே போனால் 80 பைட்டையும் எடுத்துக்கொள்ளும். அதன் வழக்கமான எம்டியு 1420. 1420ம் 60ம் 1480, நம் 1492க்குள் அடங்கும். 1420ம் 80ம் 1500, அடங்காது. ஒரே மடிக்கணினி, ஒரே விபிஎன், ஒரு நாள் ஓடி ஒரு நாள் மக்கர் செய்தால், இடையில் மாறியது ஐபியின் தலைமுறையாக இருக்கலாம். விபிஎன் அமைப்பில் 1412 என்று போட்டுவிட்டால் இரண்டிலும் ஓடும்.

புதிய நெறிமுறைகள் இந்தத் தொல்லையிலிருந்து கற்றுக்கொண்டுவிட்டன. குரோம் பிரௌசரில் யூடியூப் பார்க்கும்போது பெரும்பாலும் வேலை செய்வது க்விக் என்ற நெறிமுறை. 2021ல் தரநிலையான அது, பாதை 1200 பைட் சரக்காவது கொள்ளும் என்று மட்டும் நம்பித் தொடங்குகிறது. அதற்கு மேல் கொள்ளுமா என்பதைத் தானே சோதித்து அளந்துகொள்ளலாம். யாருடைய முறையீட்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வங்கிப் பக்கம் திறக்காத வீட்டிலும் யூடியூப் மட்டும் ஜம்மென்று ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பறிபோன எட்டு பைட்டை மீட்கவும் வழி இருக்கிறது. 2006ல் வந்த ஆர்எஃப்சி 4638ன்படி, மோடமும் எதிர்முனையும் ஒப்புக்கொண்டால் ஈதர்நெட் 1508 பைட்டைச் சுமக்கலாம். உள்ளே முழு 1500 கிடைக்கும். உங்கள் நிறுவனம் அதை அனுமதிக்கிறதா என்பதை பிங்கே சொல்லிவிடும். எம்டியுவை 1500 ஆக்கிவிட்டு, 1472 பைட் கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் அப்படியே விட்டுவிடலாம். வராவிட்டால் 1492க்குத் திரும்புங்கள். எதை மாற்றுவதற்கு முன்னாலும் கட்டத்தில் இருக்கும் பழைய எண்ணை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சேமித்ததும் இணைப்பு அறுந்து மறுபடி எழும், அது வழக்கம்தான். எல்லாப் பக்கமும் ஒழுங்காகத் திறக்கும் வீட்டில் இந்தக் கட்டத்தைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.